காதை அடைத்துக்கொண்ட ரெஃப்ரி

அவர் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு நான் நாலாம் நம்பர். எனக்குக் கல்யாணமான புதிதில் தாம்பரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நாலாம் நம்பர், முட்டி எப்படி இருக்கு?" திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். அவர் போன பிறகு என் மனைவி, "எந்த ஜெயில்ல இருந்தீங்க?" என்று கேட்டாள்.

வாரத்தில் ஆறு நாள் அவர் முடிச்சூர் ரோட்டை ஒட்டிய சந்தில் பைக்குக்கு சீட் கவர் தைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரெஃப்ரி. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் என்று எங்கே ஃபுட்பால் போட்டி நடந்தாலும் கறுப்பு டிரவுசரை மடிப்புக் கலையாமல் அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, பழைய மொபெட்டில் வந்து இறங்குவார். ஒல்லியான உடம்பு, நீளமான கால். நாற்பதைத் தாண்டியும் எங்களில் பாதிப் பேரைவிட நன்றாக ஓடுவார். அதைச் சொல்லிக்காட்ட மாட்டார்.

பெயர் சொல்லாததற்குக் காரணம் வைத்திருந்தார். "பேர் தெரிஞ்சா அப்பா யாருன்னு தெரியும். அப்பா யாருன்னு தெரிஞ்சா தெரு தெரியும். தெரு தெரிஞ்சா விசில் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பேன். ஃபுட்பால்ல அந்த ஒரு நிமிஷம் கிடையாதுப்பா" என்பார். எங்கள் தெருவிலேயே இரண்டு வருஷம் குடியிருந்தவர் இப்படிச் சொன்னால் சிரிப்பு வராதா? எங்களுக்கு வந்தது. அவருக்கு வராது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய டீம் இருந்தது. பெயர் வேண்டாம், இன்னும் இருக்கிறது. அவர்களுக்குச் சொந்த பஸ், காலர் வைத்த பனியன் போட்ட கோச், யாராவது கீழே விழுந்தால் ஸ்ப்ரே எடுத்துக்கொண்டு ஓட ஓர் ஆள். நாங்கள் மாடம்பாக்கத்துப் பசங்கள். டில்லி அண்ணனின் ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர் உள்ளே, மீதிப் பேர் பைக்கில். டில்லி அண்ணன்தான் எங்களுக்கு மேனேஜர், கோச், செயலாளர் எல்லாம். ஜெர்சி நம்பர் வெள்ளை பிளாஸ்டரில் ஒட்டியது, இரண்டாவது பாதியில் வியர்வையில் ஒவ்வொன்றாக உரிந்து விழும். என் நாலு மட்டும் கடைசி வரை இருக்கும், ஏனென்றால் அதை என் அம்மா தைத்துக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பெரிய டீமோடு ஆடித் தோற்ற ஒவ்வொரு முறையும் எங்களுக்கு ஒரே சமாதானம்தான். ரெஃப்ரி அவங்க ஆளு. இதை நாங்கள் மட்டும் சொல்லவில்லை. அவர்களிடம் தோற்ற எல்லோரும் சொன்னார்கள். உலகம் முழுக்கச் சின்ன டீம்காரர்கள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். வெளிநாட்டு லீக் மேட்ச்களை செல்போனில் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம் அவர் கடையில் போய் நின்று வம்பிழுப்போம்.

"அண்ணா, நேத்து கொடுத்தானே ஒரு பெனால்டி, பாத்தீங்களா? அதையே சின்ன டீமுக்குக் கொடுப்பானா?"

அவர் தையல் மிஷினை நிறுத்த மாட்டார். "பெரிய டீம் மேட்ச் முழுக்க எதிராளி கோல் முன்னாடி, பாக்ஸுக்குள்ளதான் நிக்குது. ஃபவுல் அங்கதான் நடக்கும். பெனால்டியும் அங்கதான் விழும்" என்பார். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். கொஞ்ச தூரம் ரெக்சின் ஓடிய பிறகு அவரே நிறுத்திவிட்டு, "ஆனா அது மட்டும்தானான்னு கேட்டா, எனக்குத் தெரியலை" என்பார். அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை. அவர் மொத்தமும் அந்த வாக்கியம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு அந்தச் சந்தேகம் வந்த கதையை அவரே எனக்குச் சொன்னார். ரெஃப்ரியாக ஆரம்பித்த காலத்தில் பெரிய டீம் ஆடிய ஒரு மேட்ச். அவர்கள் பையன் ஒருவன் விழுந்தான், விசில் அடித்தார். பத்து நிமிஷம் கழித்து எதிர் டீம் பையன் ஒருவன் அதே மாதிரி விழுந்தான். "எழுந்திருடா, நடிக்காத" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் விழுந்தார்கள் என்று உறைத்ததாம்.

"யாரும் எனக்கு ஒண்ணும் கொடுக்கலைப்பா. அஞ்சு பைசா இல்ல. பின்ன ஏன் அப்படிப் பண்ணேன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். அவங்க பசங்க வந்தவுடனே கை கொடுத்து 'குட் மார்னிங் சார்'னாங்க. விழுந்தவன்கூட 'சார், பாருங்க சார்'னான். இந்தப் பக்கம் இருக்கிறவன் 'யோவ் ரெஃப்ரி'ன்னான். அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய டீம்காரன் காசு கொடுக்க வேணாம். சார்னு நாலு தடவை கூப்பிட்டா போதும், பாதி ஃபவுல் கரைஞ்சு போயிடும்."

அன்றிலிருந்துதான் அந்த வழக்கம். சீட்டுக்குள் வைக்கிற ஸ்பாஞ்சில் சுண்டுவிரல் நுனியளவு இரண்டு துண்டு வெட்டி, மேட்ச் ஆரம்பிக்கும் முன் இரண்டு காதிலும் வைத்து அடைத்துக்கொள்வார். யார் சார் என்கிறான், யார் யோவ் என்கிறான் என்று கேட்காது. கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுவார். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினால் பார்ப்பார், கத்தினால் கேட்காது. ஒருமுறை சேலையூரில் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மாடு மைதானத்துக்குள் வந்துவிட்டது. கூட்டமே கூச்சல் போடுகிறது, இவர் சாவகாசமாக ஆஃப்சைடுக்கு விசில் அடித்து ஃப்ரீகிக் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டுகிறார். மாடு சரியாக அந்த இடத்தில் வந்து நின்றது. டில்லி அண்ணன் அதற்கு எல்லோ கார்டு கொடுக்கச் சொல்லி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த ஸ்பாஞ்சு எதற்கு என்று வெளியே யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் பார்வையில் அவர் திமிர் பிடித்த ஆள். என்ன சொன்னாலும் காதில் வாங்காதவர். போட்டி நடத்துகிறவர்கள் கொடுக்கிற டீயைக் குடிக்க மாட்டார், இளநீரைத் தொட மாட்டார். தண்ணீர்கூட வீட்டிலிருந்து கொண்டு வந்ததுதான். ஒருநாள் மேட்ச் முடிந்து நல்ல மழை. மொபெட் கிளம்பவில்லை. தள்ளிக்கொண்டே வருகிறார். பெரிய டீமின் பஸ் நின்றது, வேண்டாம் என்று கையை ஆட்டினார். பின்னாலேயே எங்கள் ஆட்டோ நின்றது. டில்லி அண்ணன் தலையை வெளியே நீட்டி, "நம்ப வண்டிதான், ஏறு நைனா, இதுல இன்னா கீது?" என்றார். அதற்கும் அதே கையாட்டல். கேம்ப் ரோடு வரைக்கும் நனைந்துகொண்டே தள்ளினார். எங்கள் ஆட்டோவில் ஏறாததுதான் எங்களுக்குக் கோபம். பஸ்ஸில் ஏறாததை நாங்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு மட்டும் அவர் மேல் ஒரு ஒட்டுதல் உண்டு. அதற்கு ஒரு சம்பவம். பார்க்காததைப் பார்த்ததாக அவர் சொல்ல மாட்டார். பந்து யார் காலில் பட்டு வெளியே போனது என்று தெரியாவிட்டால், பக்கத்தில் இருக்கிற ஆட்டக்காரனிடமே போய், ஒரு காதிலிருந்து ஸ்பாஞ்சை எடுத்துவிட்டுக் கேட்பார். எந்த ரெஃப்ரியும் செய்யாத வேலை. பெரும்பாலும் பொய்தான் பதிலாக வரும், அது அவருக்கும் தெரியும். ஒருமுறை என்னிடம் கேட்டார், "உன்கிட்ட பட்டுச்சா?" அந்த நேரத்தில் என்ன தோன்றியதோ, "என்கிட்டதான்ணா" என்றேன். கார்னர் கொடுத்தார். அந்தக் கார்னரில் கோல் விழவில்லை, அதனால் என் டீம் என்னை உயிரோடு விட்டது. அதற்குப் பிறகு அவருக்குச் சந்தேகம் வந்தால், நான் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். நானும் உள்ளதைச் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்புறம் அந்தக் கோடை விடுமுறைப் போட்டி. நாங்கள் முதல்முறையாக ஃபைனல் வந்திருந்தோம். எதிரே பெரிய டீம். ரெஃப்ரி அவர்தான்.

நம் ஊரில் ஃபைனல் என்றால் ஆட்டத்துக்கு முன்னால் மேடை, மைக், பொன்னாடை எல்லாம் உண்டு. பொன்னாடை என்றால் அவர் எப்போதும் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டே பின்னால் நகர்ந்துவிடுவார். அன்றைக்குப் போர்த்த வந்தவர் எண்பது வயதுக்காரர், பெரிய டீமைத் தொடங்கியவர். இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பின்னால் நகர்ந்தால் கிழவர் விழுந்துவிடுவார். நம்மவர் ஒரு நொடி தயங்கிவிட்டுக் குனிந்து கழுத்தைக் காட்டினார். யாரோ போட்டோ எடுத்தார்கள். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே அது எங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துவிட்டது. "முடிஞ்சிச்சுடா மேட்ச்" என்று டில்லி அண்ணன் கீழே எழுதியிருந்தார்.

அப்படி ஒன்றும் முடியவில்லை. கடைசி ஐந்து நிமிஷம் வரை கோல் இல்லை. நாங்கள் அப்படி ஒரு ஆட்டம் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடியதில்லை. அப்போது வலப்பக்கத்திலிருந்து எங்கள் கோல் முன்னால் பந்து உயரமாக வந்தது. நான் எம்பினேன். அவர்கள் ஆளும் எம்பினான். என் தலைக்குப் பந்து எட்டவில்லை, கைக்கு எட்டியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். பட்டது பட்டதுதான். விசில் கேட்டது. அவர் பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் சந்தேகமே இல்லை. அந்த ஒருமுறை அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை.

என் பசங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கையில பட்டுச்சா?" என்று கோல்கீப்பர் கேட்டான். அவன் கண்ணில் தண்ணீர். "இல்லடா, தோளு" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அவன் ஒருவனுக்காகச் சொன்ன பொய் அது, சமாதானத்துக்கு. அடுத்த நிமிஷம் அது பதினொரு பேர் பொய்யாகி, அதற்கடுத்த நிமிஷம் கூட்டத்தின் பொய்யாகிவிட்டது. கோல் விழுந்தது. தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் உள்ளே இறங்கி, பொன்னாடைக்கு விலை போனவன் என்று அவரைச் சுற்றிக் கத்தியது. அவர் இரண்டு காதிலிருந்தும் ஸ்பாஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். நான் ஆட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் டில்லி அண்ணன் போட்டி கமிட்டிக்குப் புகார் எழுதினார். பந்து கையில் படாமலே ஹேண்ட் பால் என்று பெரிய டீமுக்குச் சாதகமாகப் பெனால்டி கொடுத்துவிட்டார் என்று. கூடவே பொன்னாடை போட்டோ. டீமுக்கு நான்தான் கேப்டன், அதனால் கையெழுத்து வாங்க என்னிடம் வந்தார். போட்டேன்.

விசாரணை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. கமிட்டிக்காரர்கள் மூன்று பேர். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் நாங்கள் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கமிட்டிக்கு இதைப் பெரிதாக்க விருப்பமில்லை. "எச்சரிக்கை கொடுத்து விட்டுடலாம், நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று அவரிடம் கேட்டார்கள்.

"பையன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "பந்து உன் கையில பட்டுச்சா, இல்லையா? நீ என்ன சொல்றியோ அதை எடுத்துக்கறேன்."

டில்லி அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படலை சார்" என்றேன்.

அவரை அதுவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அன்றைக்கு சார் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பொய் சொல்லும்போது மரியாதை தானாக வந்துவிடுகிறது போல.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் உடைந்திருப்பேன். சரியாகக் காது கேட்காதவர் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து விசிலையும் இரண்டு கார்டுகளையும் எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இந்தப் பையன் பொய் சொல்ல மாட்டான். இவன் படலைன்னா படலை. ஆனா எனக்குப் பட்ட மாதிரிதான் தெரிஞ்சுது, இப்பவும் தெரியுது. அப்போ என் கண்ணும் அந்தப் பக்கம் போயிடுச்சு. காதை அடைச்சேன், கண்ணை அடைச்சுக்கிட்டு விசில் அடிக்க முடியாதே" என்றார். கமிட்டிக்காரர்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் போய்விட்டார். வெளியே மொபெட் இரண்டாவது உதையில் கிளம்பிய சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் விசில் எடுக்கவில்லை. நான் அந்தச் சந்துப் பக்கம் போகவில்லை. முடிச்சூர் ரோட்டில் போக வேண்டியிருந்தால் எதிர்ச்சாரியில் போவேன். இப்படி ஏழு வருஷம் ஓட்டிவிட்டேன். இதில் எனக்குப் பெரிய உறுத்தல் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். சின்ன டீம், பெரிய டீம் என்று பேச்சு வந்தால் அந்த ஃபைனலை நானே உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு மோசம்.

போன வருஷம் டில்லி அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் பழைய பசங்கள் சேர்ந்து செல்போனில் ஒரு மேட்ச் பார்த்தோம். பெரிய கிளப்புக்கு ஒரு பெனால்டி கொடுத்தார்கள், எல்லோரும் திட்டினோம். வீடியோவில் மறுபடி போட்டுக் காட்டினார்கள், தெளிவாகக் கையில் பட்டிருந்தது. டில்லி அண்ணன் சிரித்தார். "இன்னாடா, உன் மேட்டர் மாதிரியே கீது" என்றார் என்னிடம்.

"என்னோடது படலைண்ணா" என்றேன், பழக்க தோஷத்தில்.

"டேய், யார்கிட்ட? நானு கோல் போஸ்ட்டு பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். நம்ப பசங்க எல்லாருக்கும் தெரியும். நீ படலன்ன, நாங்களும் சரின்னுட்டோம். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? அவன்தான விசில் அடிச்சான்."

சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. என் பொய்யை நம்பியவர் ஒரே ஒருவர்தான். அவர் தன் கண்ணை விட்டுவிட்டு என் வார்த்தையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மறுநாளே போனேன். அதே சந்து, அதே கடை. முகத்தில் தாடி நரைத்திருந்தது, நடை கொஞ்சம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னார். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த முதல் டீ அது.

"உன்கிட்ட ஒருநாள் சொல்லணும்னு இருந்தேன்" என்று அவரே ஆரம்பித்தார். "அந்த விசாரணை முடிஞ்ச வாரமே போய்க் கண் செக் பண்ணினேன். டாக்டரம்மா, கண்ணுல ஒண்ணுமே இல்லை, நல்ல பார்வைன்னுட்டாங்க. அப்பதான் எனக்கு பயம் வந்துச்சு. கண்ணு சரியா இருந்தும் இல்லாததைப் பாத்திருக்கேன்னா, மனசுதான் சரியில்லை. அதுக்கு முன்னாடி எத்தனை சின்ன டீமைக் கெடுத்தேனோன்னு ஒவ்வொரு மேட்ச்சா நினைச்சுப் பாப்பேன். இப்பவும் பாக்கறேன். நீ மட்டும் அன்னிக்கு மூஞ்சிக்கு நேரா சொல்லலைன்னா இன்னும் கெடுத்திருப்பேன்."

டீ என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணா, அன்னிக்குக் கையில பட்டுச்சு" என்றேன்.

அவர் டீ கிளாஸை மிஷின் பலகை மேல் வைத்தார்.

"எந்தக் கை?"

"இடது கை."

"உள்ளங்கையா?"

"இல்லண்ணா. மணிக்கட்டு."

அவர் எழுந்து நின்றார். கடைக்குள் அவ்வளவாக இடமில்லை. இரண்டு ரெக்சின் சுருளுக்கு நடுவில் கால்களை அகற்றி நின்று, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து, எதிர்ச் சுவரைப் பார்த்தார். "நான் இங்க. நீ அங்க. அவங்க ஆளு உனக்குப் பின்னாடி. உன் இடது கை அவன் தோளுக்கு மேல போச்சு."

"ஆமாண்ணா."

"மணிக்கட்டுல பட்டுக் கீழ விழுந்துச்சு."

"ஆமா."

"அதான் பாத்தேன்" என்றார். "அப்படியேதான் பாத்தேன்."

மறுபடி உட்கார்ந்தார். என்னை ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டுவார், கையை ஓங்குவார், வெளியே போ என்பார் என்று. அவர் மிஷின் சக்கரத்தில் கையை வைத்துக்கொண்டு இருந்தார், சுற்றவில்லை.

"எனக்கு அப்ப நாற்பத்தாறு வயசு. ஐம்பது வரைக்கும் விசில் அடிக்க விடுவாங்க" என்றார். "நாலு வருஷம் ஓடியிருப்பேன்பா."